விற்பனையா, குத்தகையா, ஒற்றியா?

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்காகக் காத்திருக்கும் நேரம் வீணான நேரமன்று. தீவுப்பகுதியின் செய்திகள் யாவும் அங்கேதான் வந்து கூடும். எந்த வீட்டிற் கலியாணம், எங்கே மரணம், எந்தப் பக்கம் மீன் பட்டது, மண்ணெண்ணெய் என்ன விலை என்பவை மாத்திரமல்ல. உலக அரசியலும் அந்தத் துறையிலே அலசி ஆராயப்படும். 2021 ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் ஒரு நாட் காலை நயினாதீவுக்குச் செல்லும் எண்ணத்துடன் நான் அங்கே நின்றிருந்தேன். வாடைக்காற்றுப் பலமாக வீசிக்கொண்டிருந்தது. படகு வரச் சுணங்கியது.

அன்று எல்லோர் வாயிலும் அடிபட்ட செய்தி ஒன்றே. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளும் நாட்டின் மின்வலையுடன் இணைக்கப்படாதவை. டீசல் இயந்திரங்களே அங்கு விளக்கேற்றி வந்தன. இந்நிலையை மாற்றிக் காற்றாலும் கதிரவனாலும் மின்சாரம் பிறப்பிக்க ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. கேள்விப்பத்திரத்தில் வென்ற சீன நிறுவனம் ஒன்றுக்கு அவ்வேலையை அளிக்க 2021 ஜனவரியில் இலங்கை அமைச்சரவை இசைந்தது. தன் தென்கரைக்கு இத்துணை அண்மையிற் சீனர் வந்து நிற்பதா என்று இந்தியா ஆட்சேபித்தது. டிசம்பரில், மூன்றாந் தரப்பொன்று எழுப்பிய பாதுகாப்புப் பிரச்சினையால் வேலை இடைநிறுத்தப்படுவதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. அதே நிறுவனம் மாலைதீவில் 12 தீவுகளில் மின்னிலையம் அமைக்க ஒப்பந்தம் செய்துகொண்டதையும் உடன் தெரிவித்தது. அந்த மாத நடுவிலே சீனத் தூதர் யாழ்ப்பாணத்துக்கு வந்து, வேட்டி உடுத்து நல்லூர்க் கந்தனையும் வழிபட்டுச் சென்றார்.

இறங்குதுறையில் இளைஞர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டார்கள். இந்தியா எங்கள் தொப்புட்கொடி உறவு என்றான் ஒருவன். உறவு சரி, விளக்கு எப்போது எரியும் என்று கேட்டான் மற்றொருவன். சீனன் சொன்ன நாளில் முடித்துக் கொடுப்பான் என்பது அவன் கட்சி. வாதம் சூடேறிய வேளையில், தூணோரம் குடையை ஊன்றிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் வாய்திறந்தார். இளமையில் நொத்தாரிசு ஒருவரிடம் உறுதி எழுதும் வேலை பார்த்தவர் அவர் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

“உதெல்லாம் இருக்கட்டும் தம்பிமார். உது என்ன உறுதி எண்டு ஆராவது பார்த்தனீங்களோ?”

“என்ன உறுதி அப்பு?”

“விலை உறுதியோ, குத்தகையோ, ஒற்றியோ? எழுதிக் குடுத்தது ஆர், எழுதி வாங்கினது ஆர், எல்லை என்ன, எத்தினை வருசம்? உது ஒண்டும் தெரியாமல் சீனன் நல்லவன், இந்தியன் நல்லவன் எண்டு கதைச்சு என்ன பிரயோசனம்?”

பக்கத்தில் மரக்கறிக் கூடையுடன் நின்ற ஓர் அம்மையார், “கரண்டு வந்தால் நல்லதுதான். பழுதாய்ப்போனால் திருத்த ஆர் வாறது? அதையும் கேளுங்கோ அப்பு” என்றார். முதியவர் என் பக்கம் திரும்பினார்.

“மாஸ்ரர், நீங்கள் படிச்சனீங்கள். சொல்லுங்கோ பாப்பம்.”

சொல்ல என்னிடம் விடை இருக்கவில்லை. ஆயினும், பிறநாட்டு முதலை எம்மவர் எவ்வாறு நோக்குகிறார்கள் என்ற பெருவினாவிற்கு அந்த இறங்குதுறையிலேயே எனக்கு ஒரு திறவுகோல் கிடைத்தது. புதுடில்லியும் பீஜிங்கும் எமது தீவுகளைத் தேசப்படத்தில் வைத்துப் பார்க்கின்றன. கொழும்பு அவற்றைக் கணக்கேட்டில் வைத்துப் பார்க்கிறது. யாழ்ப்பாணத்துக் குடியானவனோ அவற்றை உறுதியில் வைத்துப் பார்க்கிறான்.

இதிலே வியப்பில்லை. காணியும் உறுதியும் எம்மவர் இரத்தத்தில் ஊறியவை. விற்பனை, குத்தகை, ஒற்றி என்னும் மூன்று சொற்களும் மூன்று வாழ்க்கை நிலைகளைக் குறிப்பன. விற்றால் உறவு அற்றது. குத்தகைக்குக் கொடுத்தால் காணி எம்முடையது. குறித்த காலம் முடிந்ததும் மீளும். ஒற்றி இவ்விரண்டிலும் நுட்பமானது. கடன் கொடுத்தவன் காணியைத் தன் கையில் வைத்திருந்து, வட்டிக்குப் பதிலாக அதன் விளைச்சலை அனுபவிப்பான். முதலைத் திருப்பிக் கொடுத்த அன்று காணி உடையவனிடம் திரும்பிவிடும். தேசவழமை இந்த மீட்சிக்கு விதிகள் வகுத்தது. பயிர் நின்ற நிலத்தை இடையிற் பறித்து ஒருவனை நட்டப்படுத்தலாகாது என்று விளைச்சற் காலங்களையும் கருத்திற் கொண்டது. முதல் போட்டவனுக்கும் நியாயம், மண்ணுக்குரியவனுக்கும் நியாயம் என்பதே அதன் உட்பொருள்.

அயலாருக்குச் செய்யவேண்டிய அறிவித்தலையும் எம் வழமை மறக்கவில்லை. காணியை அந்நியனுக்கு விற்கப் புகுமுன் உரித்தாளருக்கும் பங்காளருக்கும், அக்காணியை ஈடாக வைத்திருந்த அயற்காணிக்காரருக்கும் முதலில் அறிவிக்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றாற்றான் பிறருக்கு விற்கலாம். 1947 ஆம் ஆண்டில் இதற்கெனத் தனியான சட்டமே இயற்றப்பட்டது. வெளியாருக்கு விற்கவே கூடாது என்று எம் முன்னோர் சொல்லவில்லை. உரியவனைக் கேளாமல் விற்காதே என்றே சொன்னார்கள்.

தேசவழமையை ஏட்டில் ஏற்றியவர்கள் ஒல்லாந்தர் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி அதனைத் தொகுத்தார். 1707 ஆம் ஆண்டில் அது சட்டமாயிற்று. ஒல்லாந்தர் இங்கு வந்தது எம்மீது கொண்ட அன்பினாலன்று. யானை வாணிகமும் சாயவேரும் சங்கும் இழுத்துவந்த கம்பனி அது. எனினும், தொகுப்புக்குச் சட்டவலு அளிக்குமுன் அதனைத் தமிழில் மொழிபெயர்ப்பித்துப் பன்னிரு முதலியார்களின் கையிற் கொடுத்து, “இதில் உள்ளது உங்கள் வழமைதானா?” என்று சரிபார்க்கச் செய்தார்கள். அம்முதலியார்கள் ஊர்மக்கள் அனைவருக்கும் பிரதிநிதிகள் அல்லர், மேட்டுக்குடியினர். ஆயினும், துப்பாக்கி ஏந்தி ஆண்ட ஓர் அந்நியக் கம்பனிகூடக் கேட்பதுபோலக் கேட்க வேண்டிய கட்டாயத்தை உணர்ந்தது.

அந்தக் கேள்வி இக்காலத்தில் யாரிடம் கேட்கப்படுகிறது? வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிவுற்றது. மூன்று தீவுகளின் மின்சாரத்தைச் சீனருக்கு அளிப்பதென்று 2021 இல் முடிவு செய்தபோதும், பின்னர் அதனை இந்தியாவிடம் மாற்றியபோதும், மாகாணத்தில் மக்கள் தேர்ந்த சபை இயங்கவில்லை. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. 2024 மார்ச் 1 ஆம் திகதி பெங்களூர் நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் எழுதப்பட்டது. இந்திய அரசின் நன்கொடை 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டொலர். கதிரவனால் 1,700 கிலோவாற்று, காற்றால் 530 கிலோவாற்று, இரவுக்குச் சேமித்து வைக்க மின்கலங்கள், ஆபத்துக்கு உதவ டீசல் இயந்திரங்கள் என்று அதன் விபரம் வெளியாயிற்று. கடனாக வரவிருந்தது நன்கொடையாக மாறியது இலாபமே. அதை ஊரார் மறுக்கவில்லை.

ஆனால், குறிகட்டுவான் முதியவரின் மனப்பாங்கு உடையவர்கள் நன்கொடையையும் சும்மா விடுவதில்லை. நன்கொடை உறுதியிலும் “சீவிய உருத்து” வைத்து எழுதுவது எமது ஊர் வழக்கம். தகப்பன் மகளுக்கு வீட்டைக் கொடுப்பான்; தன் உயிர் உள்ளவரை அதனை அனுபவிக்கும் உரிமையைத் தனக்கு வைத்துக்கொள்வான். வீடு மகளுடையது, திறப்புத் தகப்பனின் மடியில். இது தவறன்று. ஆனால், மகள் அவ்வரியை வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு வல்லரசுகள் ஒரு சிறு மின்னிலையத்துக்காக இவ்வளவு வாதாடினவென்றால், விளக்கு ஒன்றுமட்டுமா அவற்றின் நோக்கம் என்று தீவார் ஐயுறுவது இயல்பே. தரப்பட்டது எது, வைத்துக்கொள்ளப்பட்டது எது என்பதே அவர்கள் அறிய விரும்புவது.

நெடுந்தீவுக்குப் போனவர்கள் அங்கு மேயும் மட்டக்குதிரைகளைக் கண்டிருப்பார்கள். போர்த்துக்கேயர் கொண்டுவந்து விட, ஒல்லாந்தர் பெருக்கிய குதிரைகளின் வழிவந்தவை அவை என்பர். அந்தத் தீவிற்குப் பிறநாட்டார் போட்ட முதல் அது. குதிரைக்குத் தேவை இருந்தவரை இலாயம் இருந்தது, கிணறு இருந்தது, கணக்கும் இருந்தது. தேவை தீர்ந்தது; முதலாளி போய்விட்டான். குதிரைகளோ நின்றுவிட்டன. கோடையில் நீர்நிலைகள் வற்றும்போது அவை தாகத்தால் வாடுகின்றன. அவற்றுக்குத் தண்ணீர் வார்க்கும் கவலை ஊரவர் தலையில். அந்த அம்மையார் இறங்குதுறையில் கேட்ட, “பழுதாய்ப்போனால் திருத்த ஆர் வாறது?” என்ற கேள்விக்குள் முந்நூறு ஆண்டு அனுபவம் அடங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

இனி, நிலத்தை விட்டுக் கடலுக்கு வருவோம். கடலுக்கு உறுதி இல்லை. கரைவலைக்காரனுக்குப் பாடு உண்டு. களங்கண்ணி கட்டுபவனுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகிய இடம் உண்டு. இவையெல்லாம் நொத்தாரிசு அறியாத உரிமைகள். ஊர் அறிந்த உரிமைகள். கடலட்டைப் பண்ணைகள் பெருகத் தொடங்கியதும் இந்த ஊர் உரிமை காற்றிற் பறந்தது. அட்டையை எம்மவர் உண்பதில்லை. அது பதப்படுத்தப்பட்டுச் சீனா, ஹொங்கொங், சிங்கப்பூர் சந்தைகளுக்குப் போய் நல்ல விலை பெறுவது. ஏரிக்கு அப்பால் பூநகரிப் பக்கம், கௌதாரிமுனையில் சீனத் தொடர்புடைய நிறுவனம் ஒன்று நடத்திய பண்ணை குறித்து 2021 இல் மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வலையடைப்புகள் மீனின் வழியை மறிக்கின்றன, வள்ளம் போகும் பாதையையும் மறிக்கின்றன என்பது அவர்கள் முறைப்பாடு.

ஆனால், மீனவர் எல்லோரும் ஒரே குரலிற் பேசினார்கள் என்று எழுதினால் நான் பொய்யனாவேன். எமக்கும் பண்ணை தாருங்கள் என்று விண்ணப்பித்தவர்களும் அவர்களிடையே உண்டு. பண்ணை வைத்துப் பிழைத்தவர்களும் உண்டு. ஒரே கரையில், ஒரே சங்கத்தில், சில வீடுகளில் ஒரே குடும்பத்தில்கூட இரு கருத்தும் நிலவின. அவர்களைப் பிரித்தது சீனரைப் பற்றிய அபிப்பிராயமன்று. யாருக்கு அனுமதி, எத்தனை ஏக்கர், சிறு வலைக்காரனுக்கு எஞ்சும் கடல் எவ்வளவு என்பவையே அவர்களைப் பிரித்தன.

பிறநாட்டு முதலைப் பற்றிய அச்சம் வெறும் அந்நிய வெறுப்பு என்று சிலர் இகழ்கிறார்கள். அவர்கள் சுன்னாகத்தின் கதையை எண்ணிப் பார்க்க வேண்டும். எமது குடாநாட்டிலே வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லின் அடியில் மழைநீர் தேங்கி நிற்கிறது. அதையே குடிக்கிறோம், அதையே புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் இறைக்கிறோம். சுன்னாகத்தில் தனியார் அனல்மின்னிலையம் ஒன்று இயங்கிய காலத்தில், சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதை மக்கள் கண்டார்கள். வாளியில் எண்ணெய் மிதந்தது. தெற்கைச் சேர்ந்த ஒரு சுற்றுச்சூழல் ஆர்வலர் உயர் நீதிமன்றத்திற் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு 2019 ஏப்ரலில் நீதிமன்றம் அந்நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. வடக்கின் தண்ணீருக்காகத் தெற்கின் மகன் ஒருவர் வழக்காடினார் என்பது எமது வரலாற்றில் நன்றியுடன் எழுதப்பட வேண்டியது.

கிணற்றுக்கு உள்நாட்டு முதல், வெளிநாட்டு முதல் என்ற பேதம் தெரியாது. உள்ளூரான் ஊற்றிய எண்ணெயும் எண்ணெய்தான். இதை உணர்ந்த மக்கள், வருபவன் எந்த நாட்டவன் என்பதிலும் பார்க்க, வந்தவனை எந்த நீதிமன்றத்தில் நிறுத்தலாம் என்பதையே பெரிதாகக் கருதுகிறார்கள்.

அவ்வாறாயின் யாழ்ப்பாணத்தார் தொழிற்சாலைகளை வெறுப்பவர்களா? அல்லர். 1950 ஆம் ஆண்டில் அரசாங்கம் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையை எண்ணிப் பெருமூச்செறியும் முதியவர்கள் பலரை நான் அறிவேன். கல் அகழ்ந்த குழிகளையும் படிந்த தூசியையும் அவர்கள் மறக்கவில்லை. எனினும், சம்பளநாளில் கடைத்தெரு எப்படி இருந்தது என்பதையே முதலிற் சொல்வார்கள். 1990 இல் போர் அத்தொழிற்சாலையின் வாயை மூடியது. வேலை இல்லாமையால் படித்த பிள்ளைகள் கப்பலும் விமானமும் ஏறுகின்ற ஊரில், முதல் போட வருபவனைக் கல்லெறிந்து துரத்த எவரும் எண்ணமாட்டார்.

இன்னும் ஒன்று. பிறநாட்டுப் பணத்தினால் உயிர்தரித்த ஊர் எம்முடையது. மலாயாவில் உத்தியோகம் பார்த்தவர்களின் பென்சன் பணத்தில் எழுந்த கல்வீடுகள் எத்தனை! அவர்களுக்குப் பின் இலண்டனிலும் தொரன்ரோவிலும் பாரிசிலும் பனியில் உழைத்தவர்களின் பணம் கோவிற் கோபுரமாகவும் கலியாண மண்டபமாகவும் நிமிர்ந்தது. இதனை எவரும் அந்நிய முதல் என்பதில்லை. பிள்ளையின் காசு என்போம். ஆயினும், அந்தக் காசும் காணி விலையை உயர்த்தி, உள்ளூரிலே உழைப்பவன் ஒரு பரப்புக் காணியும் வாங்க இயலாத நிலைக்கு அவனைத் தள்ளுவதுண்டு. பிறத்தியானிடம் கேட்கும் கேள்வியைச் சொந்தப் பிள்ளையிடமும் கேட்கும் நேர்மை எமக்கு வேண்டும்.

நாட்டின் ஏனைய பகுதிகளைப் பார்த்தாலும் இதே கேள்வியே எதிர்ப்படுகிறது. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017 இல் 99 ஆண்டுக் குத்தகையாகச் சீன நிறுவனம் ஒன்றிடம் சென்றது. தொகை 112 கோடி டொலர். குத்தகை என்றே அதற்குப் பெயர். ஆனால், கைச்சாத்திட்டவனின் பேரனும் மீட்சியைக் காணமாட்டான் என்றால், அக்குத்தகை விற்பனையின் வாசலில் நிற்கிறது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்றுக் காற்றாலைகளை அமைக்க இந்தியாவின் அதானி நிறுவனம் முன்வந்தது. 2024 மே மாதத்தில் அலகொன்று 8.26 அமெரிக்கச் சதம் வீதம் இருபது ஆண்டுகளுக்கு வாங்குவதென்று முடிவாயிற்று. அரசு மாறிய பின் விலை மீளாய்வுக்கு வந்தது. 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. கொழும்பில் விலையைப் பற்றி வாதம் நடந்தது. மன்னாரிலோ, கடல்கடந்து வரும் பறவைகளின் வழி என்னாகும், மழைவெள்ளம் எப்படி வடியும், காணி யாருக்கு என்றெல்லாம் வாதம் நடந்தது. விலை குறைந்திருந்தால் கொழும்பின் கேள்வி தீர்ந்திருக்கும். மன்னாரின் கேள்வி அப்படியே நின்றிருக்கும்.

பிறநாட்டு முதல் வேண்டுமா, வேண்டாமா என்ற பட்டிமன்றத்துக்கு நம் ஊரிற் பொருளில்லை என்பதே என் முடிபு. 2022 இல் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்த ஒரு நாட்டின் மூலையிலே நாம் வாழ்கிறோம். முதல் வரத்தான் செய்யும், வரவும் வேண்டும். உறுதி எத்தகையது? எல்லை எது? மீட்சி எப்போது? தவறு நேர்ந்தால் வழக்கு எங்கே? பங்காளிக்கு அறிவித்தாயிற்றா? இவ்வைந்தையும் மக்கள் கேட்கிறார்கள். இவற்றுக்குப் பதில் சொல்பவன் எந்தக் கொடியுடன் வந்தாலும் அவனுக்கு எமது திண்ணையில் இடம் உண்டு.

இதில் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேலை காத்திருக்கிறது. ஊருக்கு வரும் ஒவ்வோர் ஒப்பந்தத்தையும் தமிழிலே தருமாறு கேட்பது முதல் வேலை. கிடைத்ததை ஊர் வாசிகசாலையின் மேசையில், நாளிதழுக்குப் பக்கத்தில் வைப்பது அடுத்த வேலை. வாசிக்க இயலாதவர்க்கு வாசித்துக் காட்டுவது மூன்றாவது. பழைய இலக்கியத்துக்கு உரை காணும் பயிற்சி பெற்ற நமக்கு, “மேற்சொன்ன”, “இதனகத்தே அடங்கிய” என்று சுற்றி வளைக்கும் ஒப்பந்த நடைக்கு உரை காண்பது அரிதன்று. 1707 இல் பன்னிருவர் செய்த பணியை இன்று பன்னீராயிரம் பேர் செய்யலாம்.

அன்று படகு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. இளைஞர்கள் வாதத்தை மறந்து மூட்டைகளை ஏற்றினார்கள். முதியவர் என் தோளைப் பற்றிக்கொண்டு படகில் இறங்கினார். அணியத்தருகே அமர்ந்து குடையை மடித்து வைத்தபின், சிரித்தபடி சொன்னார்: “மாஸ்ரர், உந்த உறுதி எப்பவாவது கையிலை கிடைச்சால் ஒருக்கால் கொண்டுவந்து வாசிச்சுக் காட்டுங்கோ. எனக்கு இப்ப கண் தெரியாது. காது நல்லாய்க் கேக்கும்.”

வாசித்துக் காட்டுகிறேன் என்று அவருக்கு வாக்களித்தேன். அந்த வாக்கு இன்னும் மீட்கப்படாத ஒற்றியாகவே என்னிடம் கிடக்கிறது.